சிவப்பு விளக்கு எரிந்தால் சொத்தையா? மின்னளவீட்டில் பல்லைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைவாய்ப்பல்லின் பள்ளத்தில் ஊசி போன்ற மெல்லிய முனை ஒன்றை வைக்கிறார்கள். இன்னொரு முனை சின்னக் கொக்கியாக உதட்டோரத்தில் தொங்குகிறது. சில விநாடிகளில் திரையில் ஓர் எண் வருகிறது, கூடவே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு நிறம். வலி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. பச்சை என்றால் நாற்காலியில் இருப்பவருக்கு நிம்மதி, சிவப்பு என்றால் முகம் வாடிவிடும். சில சமயம் மருத்துவரின் கையும் தானாகவே டிரில்லை நோக்கிப் போகும்.

இரண்டுமே அவசரம். அந்தக் கருவிக்குச் சொத்தை என்றால் என்னவென்றே தெரியாது. முனை வைத்த இடத்தில் மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதைச் சொத்தை என்று மொழிபெயர்ப்பது நாம்தான். இந்த முறையில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த மொழிபெயர்ப்பில்தான் நடக்கின்றன.

முதலில் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பல்லின் வெளி ஓடான எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். நெருக்கமாக அடுக்கிய படிகங்கள், நடுவே மிகக் கொஞ்சம் நீர். அதனால் நல்ல எனாமல் மின்சாரத்தை லேசில் விடாது. அதற்குக் கீழே இருக்கும் டென்டின் வேறு ரகம். அதில் திரவம் நிறைந்த நுண்குழாய்கள் ஓடுகின்றன, மின்சாரம் அதன் வழியே தாராளமாகப் போகும். வாயில் அமிலம் கூடி பி.எச். 5.5 என்ற அளவுக்குக் கீழே போகும்போது எனாமலின் கனிமம் கரையத் தொடங்குகிறது. இது அடிக்கடி நடந்து, கரைந்தது திரும்பச் சேர நேரமில்லாமல் போனால் படிகங்களுக்கு நடுவே நுண்துளைகள் பெருகும். அவற்றில் உப்புகள் கரைந்த திரவம் நிறையும், மின்தடை சரியும். காய்ந்த செங்கலுக்கும் நீரில் ஊறிய செங்கலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நாம் இன்னமும் 'பூச்சிப்பல்' என்கிறோம். பூச்சி எதுவும் இல்லை, ஈரமான ஓட்டைகள்தான் இருக்கின்றன. கருவி பிடிப்பதும் அந்த ஈரத்தைத்தான்.

ஆரம்பச் சொத்தையில் இன்னொரு விசித்திரம் உண்டு. மேற்பரப்பு பெரும்பாலும் முழுசாகவே இருக்கும், கரைவது அதற்குச் சற்று உள்ளே. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் உள்ளே பஞ்சாகிக்கொண்டிருக்கும் இடத்தை மின்சாரத்தால் உணர முடியும் என்பதுதான் இந்த முறையின் கவர்ச்சி. யோசனை இன்று நேற்று வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுப் பல் மருத்துவர் எமில் மஜிதோ இதைச் சொன்னதாகக் குறிப்பிடுவார்கள். கையில் பிடிக்கும் கருவிகளாக அது வந்து சேர நூறு ஆண்டுகள் பிடித்தன.

ஈரம்: எல்லாத் தவறுகளுக்கும் தாய்

கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுப்பள்ளத்தில் முனை இருக்கிறது. அங்கிருந்து கன்னப்பக்கம் இறங்கும் வரியில் மெல்லிய எச்சில் படலம் ஒன்று ஈறுவரை நீள்கிறது. விளக்கு வெளிச்சத்தில் அது பளபளப்பாகத் தெரியும், அவ்வளவுதான், யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் மின்சாரத்துக்கு அது திறந்துவிட்ட வாய்க்கால். எனாமலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. எச்சில் வழியாக ஈறுக்குப் போய், உடம்பு வழியாக உதட்டுக் கொக்கியை அடைந்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு. பல்லின் தடை 10 மெகாஓம் என்று வைத்துக்கொள்வோம், எச்சில் பாதையின் தடை 1 மெகாஓம். இரண்டும் பக்க இணைப்பில் இருப்பதால் கருவிக்குத் தெரியும் தடை 0.91 மெகாஓம்தான். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பல் நன்றாகத்தான் இருக்கிறது, கருவியும் நன்றாகத்தான் இருக்கிறது, எண் மட்டும் பொய்.

இதற்குத்தான் நெதர்லாந்தில் உருவான எலக்ட்ரானிக் கேரிஸ் மானிட்டர் போன்ற கருவிகளில் முனையைச் சுற்றிக் காற்று வீசும் ஏற்பாடு வைத்தார்கள். முனை தொடும் இடத்தின் சுற்றுப்புறம் காய்ந்தால் எச்சில் வாய்க்கால் அறுந்துவிடும். எண்ணத்தில் கோளாறு இல்லை. ஆனால் இங்கேதான் எதிர்ப்பக்கத் தவறு காத்திருக்கிறது. காற்றை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் மேற்பரப்பு மட்டுமா காயும்? சொத்தையின் நுண்துளைகளுக்குள் இருக்கும் திரவமும் ஆவியாகத் தொடங்கும். நாம் தேடிவந்ததே அந்த ஈரத்தைத்தான். அது போய்விட்டால் தடை ஏறும், உண்மையான சொத்தை பச்சை விளக்கில் தப்பித்துவிடும். ஆக, குறைவாக உலர்த்தினால் இல்லாத சொத்தை தெரியும், அதிகமாக உலர்த்தினால் இருக்கும் சொத்தை மறையும்.

நடைமுறையில் இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. பஞ்சுருளை வைத்துப் பல்லைப் பிரித்து, கருவியின் கையேடு சொல்லும் நேரத்துக்கு மட்டும் உலர்த்தி, ஒவ்வொரு பல்லுக்கும் அதே நேரத்தைக் கடைப்பிடிப்பது. 'கொஞ்சம் காற்றடி' என்று உதவியாளரிடம் சொல்வது அளவீடு ஆகாது. கொஞ்சம் என்றால் எத்தனை விநாடி?

வெப்பநிலையையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். திரவத்தில் அயனிகள் நகரும் வேகம் சூட்டோடு கூடும், குளிர்ச்சியோடு குறையும். குளிர்ந்த நீரில் வாய் கொப்பளித்த கையோடு எடுத்த அளவையும், பத்து நிமிடம் கழித்து எடுத்த அளவையும் ஒப்பிட்டு 'முன்னேற்றம்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

முனை எங்கே, எவ்வளவு பரப்பில்?

பள்ளத்தில் முனையை அரை மில்லிமீட்டர் நகர்த்தினாலும் எண் மாறும். பள்ளத்தின் அடியில் எனாமல் மெல்லியது, சரிவில் தடிமன் கூடுகிறது. தடை தடிமனோடு ஏறும், தொடும் பரப்போடு இறங்கும். பள்ளிக்கூட இயற்பியல்தான். அதனால் ஒரே ஒரு புள்ளியில் ஒரே ஒரு அளவெடுத்து முழுப் பல்லுக்கும் தீர்ப்பு எழுதுவது தவறு. சொத்தை பெரும்பாலும் பள்ளத்தின் இரு சுவர்களிலும் தொடங்கும். முனை நடுவில் மட்டும் நின்றுவிட்டு வந்தால் அதைத் தவறவிட வாய்ப்புண்டு. சந்தேகமான பள்ளத்தில் சில இடங்களில் வைத்துப் பார்த்து, ஒவ்வோர் இடத்திலும் திரும்ப ஒருமுறை எடுத்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதில் ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாது.

தொடுகை சரியாக இருக்கட்டும் என்று கடத்தும் ஜெல்லைப் பூசுபவர்கள் உண்டு. முழுப் பள்ளத்தையும் ஒரே அடியாக அளக்க வேண்டுமென்றால் அது சரிதான். ஆனால் புள்ளி புள்ளியாக அளக்கும்போது ஜெல் பரவினால் எந்த இடத்தை அளந்தோம் என்பதே தெரியாமல் போகும். முனை வைத்த புள்ளியோடு ஜெல் பரவிய அத்தனை இடமும் சேர்ந்து பேசும். உதட்டுக் கொக்கியோ, அதற்குப் பதிலாகக் கையில் பிடிக்கும் தண்டோ சரியாகத் தொடாமல் இருந்தால் சுற்று முழுமையாகாது. அப்போது வரும் 'நல்ல' எண்ணைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள்.

சில பற்கள் பிறவியிலேயே பொய் சொல்லும்

புதிதாக முளைத்த நிரந்தரப் பல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறேழு வயதில் எட்டிப் பார்க்கும் முதல் கடைவாய்ப்பல்லின் எனாமல் இன்னும் முற்றவில்லை. உமிழ்நீரிலிருந்து கனிமங்களை வாங்கிக்கொண்டு அது வாய்க்குள்ளேயே மெல்ல மெல்ல இறுகுகிறது. அதுவரை நுண்துளைகள் சற்று அதிகம், தடை சற்றுக் குறைவு. சொத்தையே இல்லாமல் மஞ்சளோ சிவப்போ காட்டலாம். நன்கு முற்றிய பல்லுக்கு வகுத்த எல்லைக்கோட்டை இந்தக் குழந்தைப் பல்லுக்குப் போட்டுப் பார்ப்பது, எல்லா வயதுக்காரரையும் ஒரே அளவுச் சட்டைக்குள் நுழைப்பது போல. பால் பற்களுக்கும் இது பொருந்தும். அவற்றின் எனாமல் மெல்லியது.

ஃபுளூரோசிஸ் (பல் உருவாகும் வயதில் ஃபுளூரைடு அதிகமானதால் வரும் கோளாறு) உள்ள பல்லிலும், உருவாகும்போதே கனிமம் குறைந்துபோன பல்லிலும் உள்ளே துளைகள் இருக்கும். மின்சாரத்தின் கண்ணுக்கு அவையும் சொத்தையும் ஒன்றே. எனாமலில் தலைமுடி போன்ற விரிசல் ஓடினால் அதுவும் ஒரு குறுக்கு வழி. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் எனாமலே கிடையாது, தடை இயல்பாகவே குறைவாக இருக்கும். அங்கே எடுத்த எண்ணை எனாமல் மூடிய கிரீடப் பகுதியின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

எதிர்த்திசைப் பொய்யும் உண்டு. பள்ளங்களை மூடும் சீலன்ட், பல் நிற ஃபில்லிங் இரண்டும் மின்சாரத்தைத் தடுக்கும் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் மேல் முனையை வைத்தால் அடியில் என்ன நடந்தாலும் பச்சைதான். உலோக ஃபில்லிங்கை முனை தொட்டால் அதற்கு நேர் எதிர். அதனால்தான் பழைய ஃபில்லிங்கின் ஓரத்தில் புதிதாகத் தொடங்கும் சொத்தையைத் தேட இந்தக் கருவிகள் ஏற்றவை அல்ல. பற்காரையும் அழுக்கும் படிந்திருந்தால் முதலில் சுத்தம் செய்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். இதை எழுதவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான்.

மல்ட்டிமீட்டர் ஆசை

மின்னணுவியலில் கைவைத்தவர்களுக்கு இயல்பாக ஓர் ஆசை வரும்: 'தடையைத்தானே அளக்க வேண்டும், வீட்டில் மல்ட்டிமீட்டர் இருக்கிறதே!' வேண்டாம். மல்ட்டிமீட்டர் தடையை நேர்திசை மின்னோட்டத்தால் அளக்கிறது. உலோக முனை உப்புத் திரவத்தைத் தொடும் இடத்தில் நேர்திசை மின்னோட்டம் பாய்ந்தால் அயனிகள் அங்கே குவிந்து முனையே துருவப்படும். எண் நிலையாக நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் நீங்கள் அளந்தது பல்லை அல்ல, முனையின் வாசலில் கூடிய கூட்டத்தை. மாறுதிசை மின்னோட்டம் வைத்துச் செய்வதற்கு முதல் காரணம் இதுதான். தவிர, வாய்க்குள் மின்சாரம் செலுத்தும் எதுவும் அதற்கென்று பாதுகாப்பாக வடிவமைத்த கருவியாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, மாறுதிசை என்றால் எந்த அதிர்வெண்ணில்? இங்கேதான் கருவிக்குக் கருவி வேறுபாடு. பழைய வேன்கார்ட் கருவி 25 ஹெர்ட்ஸில் வேலை செய்தது, 0 முதல் 9 வரை எண் காட்டியது. ஜப்பானின் கேரிஸ் மீட்டர் எல் 400 ஹெர்ட்ஸில், வண்ண விளக்குகளோடு. ஒன்று காற்றால் உலர்த்தச் சொன்னது, மற்றது பள்ளத்தில் உப்புநீர் விடச் சொன்னது. எனாமல் வெறும் தடை மட்டுமல்ல, மின்தேக்கி போலவும் நடந்துகொள்ளும். ஆகவே அதிர்வெண் மாறினால் அதே பல்லின் எண்ணும் மாறும். ஒரு கருவியில் எடுத்ததை இன்னொன்றின் அட்டவணையில் வைத்துப் படிப்பது, டிகிரியில் பார்த்த காய்ச்சலை ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று கேட்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

ஒரே அதிர்வெண்ணுக்குப் பதிலாகப் பல அதிர்வெண்களில் அளந்து மொத்த வடிவத்தையும் பார்ப்பது அடுத்த கட்டம். மின்மறுப்பு (தடையும் மின்தேக்கமும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு) நிறமாலை முறை என்பார்கள். ஸ்காட்லாந்தின் டண்டீயைச் சேர்ந்தவர்கள் இடம்பெற்ற குழு 1996இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் இதைப் பற்றி எழுதியது. கேரிஸ்கேன் என்ற கைக்கருவி அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்தது. தடையையும் மின்தேக்கத்தையும் பிரித்துப் பார்க்க முடிவதால் இதில் கிடைக்கும் தகவல் கூடுதல். ஆனால் எச்சில் வாய்க்கால் எந்த அதிர்வெண்ணிலும் வாய்க்கால்தான். நுட்பமான கருவி வந்துவிட்டதால் பஞ்சுருளை வேண்டாம் என்றாகிவிடாது.

பிடுங்கிய பற்களை வைத்துச் செய்த ஆய்வுகளைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பற்களில் உயிருள்ள திரவ அழுத்தம் இல்லை, உடல் சூடு இல்லை, எந்த திரவத்தில் ஊறவைத்தார்கள் என்பதைப் பொறுத்துக் கடத்துதிறனும் மாறும். அங்கே கிடைத்த எல்லைக்கோட்டை அப்படியே வாய்க்குள் கொண்டுவர முடியாது.

சிவப்பு வந்தால் உடனே துளைப்பது

எல்லாவற்றிலும் விலை அதிகமான தவறு இது. ஈரத் தவறால் ஓர் எண் பிழையாகலாம், திரும்ப அளந்துகொள்ளலாம். துளைத்த எனாமல் திரும்ப வளராது.

எண்களோடு பார்ப்போம். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட உதாரணம், எந்தக் கருவியின் அளவும் அல்ல. 100 பற்களில் 10இல் உண்மையாகவே சொத்தை இருக்கிறது. கருவி உண்மைச் சொத்தையில் 90 சதவீதத்தைப் பிடிக்கும், நல்ல பற்களில் 80 சதவீதத்தை நல்லது என்று சரியாகச் சொல்லும். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது சிவப்பு எத்தனை? உண்மைச் சொத்தையில் 9. மீதி 90 நல்ல பற்களில் 20 சதவீதம், அதாவது 18. மொத்தம் 27 பற்களில் சிவப்பு, அதில் 9 மட்டுமே உண்மை. மூன்றில் இரண்டு பேரின் நல்ல பல்லைத் துளைத்திருப்போம். அதே கருவியைச் சொத்தை மலிந்த கூட்டத்தில், 100க்கு 50 பேருக்கு இருக்கும் இடத்தில் போட்டால் சிவப்பு 55, அதில் உண்மை 45. கருவி மாறவில்லை, யாரிடம் பயன்படுத்தினோம் என்பது மாறியது. மின்முறைகள் பொதுவாகவே சொத்தையைப் பிடிப்பதில் கெட்டி, நல்ல பல்லை விட்டுவைப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை என்பதால் இந்தக் கணக்கு முக்கியம். சொத்தை அரிதான வாயில் சிவப்பைக் கண்டால் முதலில் திரும்ப உலர்த்தி, திரும்ப அளக்க வேண்டும்.

சிவப்பு உண்மையாகவே இருந்தாலும், ஆரம்பச் சொத்தை என்றால் ஃபில்லிங் என்று பொருளில்லை. மேற்பரப்பு உடையாதவரை கரைந்த கனிமம் திரும்பச் சேர வாய்ப்பு இருக்கிறது. ஃபுளூரைடு பேஸ்ட், ஃபுளூரைடு வார்னிஷ், இனிப்பு வாய்க்குள் போகும் தடவைகளைக் குறைப்பது, பள்ளத்துக்குச் சீலன்ட் என்று வழிகள் உண்டு. சீக்கிரம் கண்டுபிடிப்பதே இவற்றுக்கு நேரம் கிடைக்கட்டும் என்றுதான். சீக்கிரம் கண்டுபிடித்து, சீக்கிரம் துளைப்பதானால் எதற்கு இந்தப் பாடு?

கண்ணை ஓரங்கட்டுவது

கருவி வந்ததும் பார்ப்பது குறைந்துவிடுகிறது. ஆனால் சுத்தமான, உலர்ந்த பல்லை நல்ல வெளிச்சத்தில் பார்ப்பதுதான் இன்றைக்கும் முதல் சோதனை. ஆரம்பச் சொத்தை சுண்ணாம்பு போன்ற வெண்திட்டாகத் தெரியும். ஈரத்திலேயே தெரிந்தால் சற்று ஆழம், சுமார் 5 விநாடி காற்றடித்த பிறகுதான் தெரிகிறது என்றால் மேலோட்டம். காரணம் ஒளிவிலகல். எனாமலின் எண் 1.62, நீரின் எண் 1.33, காற்றின் எண் 1. துளைகளில் நீருக்குப் பதில் காற்று நிறையும்போது வேறுபாடு கூடி, வெளிச்சம் சிதறி, வெண்மை துலங்குகிறது. பாருங்கள், அதே ஈரம் இங்கேயும் வந்துவிட்டது. கண்ணுக்கு உலர்ந்த பல் வேண்டும், கருவிக்கு உள்ளே ஈரமுள்ள பல் வேண்டும். அதனால் கண்ணால் பார்க்க நன்றாக உலர்த்திய கையோடு முனையை வைக்காதீர்கள், பல் திரும்ப நனைய அவகாசம் கொடுங்கள்.

கூரான கொக்கியால் பள்ளத்தைக் குத்தி 'ஒட்டுகிறதா' என்று பார்ப்பது பழைய பழக்கம். முழுசாக இருக்கும் அந்த மெல்லிய மேற்பரப்பை அது உடைத்துவிடலாம். குத்திவிட்டு அளந்தால், சொத்தையை அளக்கிறோமா, நாம் போட்ட ஓட்டையை அளக்கிறோமா?

எக்ஸ்ரேயையும் கைவிட வேண்டியதில்லை. கனிமம் 30 முதல் 40 சதவீதம் போன பிறகுதான் படத்தில் தெளிவாகத் தெரியும் என்பார்கள், கடிக்கும் பரப்பின் ஆரம்பச் சொத்தையில் அது பின்தங்கிவிடும். ஆனால் இரண்டு பற்கள் ஒட்டிநிற்கும் இடுக்கில் மின்முனை நுழையாது. அங்கே படம்தான் பேச வேண்டும்.

மின்சாரம் உண்மையில் கைகொடுக்கும் ஓர் இடம் உண்டு. காப்பி நிறத்தில் கறுத்த பள்ளம். கண் பார்த்ததும் சொத்தை என்று சொல்லத் துடிக்கும். சிவப்பு ஒளியைப் பாய்ச்சித் திரும்பும் ஒளிர்வை அளக்கும் லேசர் கருவியும் கறையில் ஏமாறும். ஆனால் பழைய சொத்தை நின்று, கனிமம் திரும்பி இறுகிப்போன இடமாக இருந்தால் தடை உயர்ந்தே இருக்கும். நிறம் மின்சாரத்துக்குத் தெரியாது.

இந்த லேசர் கருவியை மின்னளவீடு என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேறு. பல்லின் நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் மின்கருவியும் வேறு. அதில் சுருக்கென்று உணர வேண்டும் என்பதே நோக்கம், இதில் எதுவும் உணரக் கூடாது. வேர் சிகிச்சையில் வேரின் நுனியைக் கண்டுபிடிக்கும் கருவி மட்டும் இதற்குத் தாயாதி முறை, அதுவும் உதட்டுக் கொக்கியோடு மின்மறுப்பைத்தான் அளக்கிறது. இதயமுடுக்கி பொருத்தியவர்கள் இவற்றில் எதுவானாலும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆறு மாதம் கழித்து

எண் கூடக்கூடச் சொத்தை அதிகம் என்று காட்டும் கருவியில் அளந்துவிட்டு, வெறும் '62' என்று நோயாளியின் அட்டையில் எழுதிவைப்பது கடைசித் தவறு. ஆறு மாதம் கழித்து அதே பல்லில் 70 வருகிறது. சொத்தை வளர்ந்ததா? எந்தப் பள்ளம், எந்தப் புள்ளி, எந்தக் கருவி, எத்தனை விநாடி உலர்த்தல், சுத்தம் செய்த பிறகா முன்பா என்று எதுவும் எழுதாமல் இதற்குப் பதில் கிடையாது. இரண்டு முறையும் தலா மூன்று தடவை அளந்திருந்தால் இன்னும் நல்லது. முதல் நாளில் 58, 62, 67 என்று வந்த பல்லுக்கு இன்று வந்திருக்கும் 70 பெரிய செய்தி அல்ல, முனை சற்று நகர்ந்திருக்கலாம். 61, 62, 62 என்று வந்த பல்லில் அதே 70 வந்தால், வெளிச்சத்தை இழுத்துவைத்து அந்தப் பள்ளத்தை இன்னொரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும்.